விடுப்பறியா வேந்தர்

கைதட்டல் தானா வராது சார். யாராவது ஒருத்தர் முதல்ல ஆரம்பிக்கணும். அறுபது பேர் உக்காந்திருக்கிற இடத்துல அறுபது பேருக்கும் தட்டணும்னு ஆசை இருக்கும், ஆனா முந்திக்கிட்டுத் தட்டினா அசடு வழியுமோன்னு ஒரு கூச்சம். அதனால எந்தக் கூட்டத்துலயும் முதல் கைதட்டு என்னோடதா இருக்கும். இருபது வருஷப் பழக்கம். ஒரு துக்க வீட்டுல யாரோ நல்லாப் பேசினாங்கன்னு கை ரெண்டும் தானா சேரப் போயிடுச்சு, என் சம்சாரம் கையைப் பிடிச்சு இழுத்துட்டா.

காபி ஆறுது, குடிங்க. பாண்டி பஜார்லேர்ந்து பிளாஸ்க்ல வாங்கியாரச் சொன்னது.

தந்தி ஆபீஸ்லேர்ந்து நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். தந்தி கொண்டு வர்ற கரீமுல்லாவுக்கு மெமோ குடுத்திருக்கீங்க. எங்க கடையில பட்டு செக்‌ஷன்ல இருக்கிற வைரவனுக்கு ஊர்லேர்ந்து ரெண்டு தந்தி அடிச்சோம், ரெண்டும் போய்ச் சேரலன்னு வைரவனோட மச்சினன் புகார் எழுதிப் போட்டிருக்கார். சேர்ந்துது சார். ரெண்டும் சேர்ந்துது. உங்க நோட்டுல ‘க. மாணிக்கவாசகம், மேனேஜர்’னு இருக்கே, அது என் கையெழுத்துதான். கொஞ்சம் கிறுக்கலா இருக்கும், அவசரத்துல போட்டது.

கரீமுல்லா இருபத்திரண்டு வருஷமா இந்த உஸ்மான் ரோடு, வெங்கட்நாராயணா ரோடு எல்லாம் சைக்கிள் மிதிக்கிறவர். மழைன்னு ஒரு நாள் நின்னதில்லை. அப்படி வேலை செய்யற மனுஷர் மேல பழி விழறதை என்னால பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. அதனால நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன். எழுதிக்கறதா இருந்தா எழுதிக்குங்க, நிதானமாவே சொல்றேன்.

நான் இந்தக் கடைக்கு மேனேஜரா வந்தது அறுபத்தி ரெண்டுல. பெரிய முதலாளி ராஜரத்தினம் தங்கமான மனுஷர், ஆனா பாராட்டு விஷயத்துல ரொம்ப சிக்கனம். “சம்பளம் குடுக்கோம்லா, சோறு போடுதோம்லா, அதுக்கு மேல என்ன வேய் பாராட்டு?”ம்பார். அவர் மேல தப்பு இல்லை, அவர் வளர்ந்த விதம் அப்படி. அவரையும் யாரும் பாராட்டி வளர்க்கலை.

நான் நம்பறது வேற. பசங்க எல்லாம் தூத்துக்குடி, சாத்தான்குளம், நாசரேத் பக்கத்துலேர்ந்து வந்தவங்க. மேற்கு மாம்பலத்துல கடை எடுத்துக் குடுத்த ரூம்ல பதினஞ்சு பேர் பாய் விரிச்சுப் படுப்பாங்க. காலையில எட்டரைக்கு வந்து ஜமுக்காளத்துல உக்காந்தா, ராத்திரி வரைக்கும் புடவை விரிக்கிறதும் மடிக்கிறதும்தான். ஒரு நாளைக்கு இருநூறு புடவை மடிக்கிறவனை யாராவது ஒருத்தர் ‘நல்லா மடிச்சேப்பா’ன்னு சொல்லணுமா வேண்டாமா? கஸ்டமர் சொல்லமாட்டாங்க. அவங்களுக்கு முந்தானையில ஜரிகை கம்மின்னு சொல்லவே நேரம் போதாது.

அதனால நான் பட்டம் குடுக்க ஆரம்பிச்சேன். அந்த வருஷங்கள்ல மெட்ராஸ்ல பட்டம் இல்லாத ஆளைப் பார்க்கிறதே கஷ்டம், உங்களுக்குத் தெரியாததா. மேடை ஏறினவன் எல்லாம் ஏதாவது ஒரு திலகமா இறங்கினான். நம்ம பசங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க? பார்சல் கட்டற ஜவஹருக்குப் ‘பொட்டலத் திலகம்’னு குடுத்தேன். ரவிக்கைத் துணி கிழிக்கிற பொன்ராஜுக்கு ‘அளவறிஞர்’. சிரிக்காதீங்க சார், பொன்ராஜ் அதை ஊருக்கு எழுதிப் போட்டு, அவங்க அப்பா கல்யாணப் பத்திரிகையில ‘அளவறிஞர் பொன்ராஜ்’னே அடிச்சுட்டார். பொண்ணு வீட்டுல ஏதோ பெரிய படிப்புன்னு நினைச்சுக்கிட்டாங்க.

வருஷத்துக்கு ஒரு விழா. தீபாவளிக்கு ஒன்பது பத்து நாள் முன்னாடி, கடை திறக்கறதுக்கு முன்னாடி காலையில. வாடகைக்கு மைக், ஒரு பொன்னாடை, சாமந்தி மாலை, எல்லாருக்கும் கேசரி, உப்புமா. ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து நடுவுல உக்கார வைப்போம். அதுக்கப்புறம் பாருங்க, சீசன் முழுக்கப் பசங்க காலு தரையில படாது.

வைரவன் அறுபத்தி மூணுல வந்தான். நல்ல உயரம், குரல் மட்டும் சின்னது. பட்டு விக்கிறதுல அவன் ஒரு தினுசு. மத்தவங்க அம்பது புடவை விரிப்பாங்க. இவன் வந்திருக்கிற அம்மாவை ஒரு நிமிஷம் பார்ப்பான், மூணே மூணு எடுத்துப் போடுவான், அதுல ஒண்ணு முடிஞ்சுடும். மைலாப்பூர்லேர்ந்து வர்ற மாமிங்க, “அந்த உயரமானவர் இல்லையா? அப்போ நாளைக்கு வர்றோம்”னு திரும்பிப் போயிடுவாங்க. அடையாறுல ஒரு வீட்டுல மூத்த ரெண்டு பொண்ணுக்கும் முகூர்த்தப் புடவை இவன் கையால எடுத்துக் குடுத்ததுதான்.

ஆனா நான் அவன்கிட்ட மெச்சினது அது இல்லை. பத்து வருஷத்துல அவனா கேட்டு ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. கடை லீவு விட்டா ஊருக்குப் போவான், பொங்கலுக்கு நாலு நாள். அதோட சரி. அம்மை போட்டிருக்கு, போடான்னு நானே துரத்தினாத்தான் படுப்பான். ரெண்டு பிள்ளை பொறந்ததுக்கும் கடுதாசியிலதான் முகம் பார்த்தான். நான் யாரைக் கண்டிச்சாலும் வைரவனைத்தான் காட்டுவேன். “அவனுக்கும்தான் பொண்டாட்டி இருக்கா, பிள்ளை இருக்கு, அவன் கேக்கிறானாடா?”ம்பேன். அந்தப் பேரே அவனை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சுதுன்னு நினைக்கிறேன். பாராட்டுக்கு அவ்வளவு சக்தி இருக்கு.

அவன் சம்சாரத்தை நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கேன். எழுபத்தி ஒண்ணுல ஏதோ கல்யாணத்துக்கு மெட்ராஸ் வந்தவ, கடையைப் பார்க்க வந்தா. வாசல்லயே நிக்கிறா, உள்ளே வர மாட்டேங்கறா. வாங்கறவங்கதான் உள்ளே வரணும்னு நினைச்சுக்கிட்டாளாம். நான்தான் கூப்பிட்டு உக்கார வச்சேன். வைரவன் கஸ்டமருக்குப் போடற மாதிரியே அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணு எடுத்தான், அரக்குல மாம்பழக் கரை, மடியில விரிச்சுப் போட்டான். அந்தப் பொண்ணு ஒரு விரலால ஜரிகையைத் தொட்டுட்டு, “மடிச்சு வைங்க, யாராவது கேட்டு வந்துறப் போறாக”ன்னு சிரிச்சா. நல்ல சிரிப்பு. பேரு தங்கம்.

இப்போ தந்தி விஷயத்துக்கு வர்றேன். எங்க கடையில பசங்களுக்கு வர்ற தபால், தந்தி எல்லாம் முதல்ல என் மேஜைக்கு வரும். நான் பிரிச்சுப் பார்ப்பேன். ஏன்னு கேப்பீங்க. தீபாவளி நெருங்கினா எல்லா ஊர்லயும் எல்லா அம்மாவும் சீரியஸ் ஆயிடுவாங்க சார். ஒருத்தனுக்கு ஒரே வருஷத்துல நாலு தடவை அம்மா சீரியஸ். அஞ்சாவது தடவை அந்த அம்மாவே நல்லா முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு கடைக்கு வந்து நிக்கிறாங்க. அதுலேர்ந்து நானே வாசிச்சுப் பார்த்து, தேவைன்னா குடுப்பேன், இல்லன்னா டிராயர்ல போட்டுடுவேன். இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு பழக்கம் வந்துடுச்சு. பொய்த் தந்தியில வார்த்தை ஜாஸ்தியா இருக்கும், ‘கட்டாயம் உடனே தவறாமல்’னு கெஞ்சும். நிஜத் தந்தி சுருக்கமா இருக்கும்.

எழுபத்தி மூணு, போன மாசம். வைரவனுக்குப் பத்து வருஷம் முடிஞ்சுது. நான் ஒரு வாரம் யோசிச்சு ஒரு பட்டம் கண்டுபிடிச்சேன். ‘விடுப்பறியா வேந்தர்’. எப்படி இருக்கு? தமிழ் வாத்தியார் ஒருத்தர்கிட்டக் கேட்டு ‘ப்’ போடணும்னு உறுதிப்படுத்திக்கிட்டேன். அட்டையில எழுதி, சுத்திவர ஜிகினா ஒட்டி, காஷ் கவுண்டருக்கு மேல கட்டியாச்சு. அன்னிக்குக் காலையில வைரவன் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமா நடு நாற்காலியில உக்காந்திருக்கான். காலை எங்க வைக்கிறதுன்னு தெரியலை அவனுக்கு. பத்து வருஷமா ஜமுக்காளத்துல சம்மணம் போட்டு உக்காந்தவன் பாருங்க.

நான் மைக்ல பேசறேன். பொன்னாடையைக் கையில எடுத்துட்டேன். அந்த நேரம் பார்த்து கரீமுல்லா வாசல்ல சைக்கிளை சாத்திட்டு உள்ளே வர்றார். “இன்னா சார், காலங்காத்தால மைக்செட்டு? வைரவன் யாருபா? தந்தி கீது”ன்னார். பசங்க எல்லாரும், “வாழ்த்துத் தந்தி, வாழ்த்துத் தந்தி”ன்னு கத்த ஆரம்பிச்சுட்டாங்க. பெரிய மனுஷங்க விழாவுல மைக்ல வாசிப்பாங்களே, அது மாதிரி நமக்கும் வந்துடுச்சுன்னு அவங்களுக்கு சந்தோஷம். வைரவன் பாதி எழுந்துட்டான். “நீ உக்காருப்பா, நீ விழா நாயகன்”னு சொல்லி, கரீமுல்லாகிட்ட நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். “அவரு கைல குட்த்துரு சார்”னார். குடுக்கறேன்னேன்.

பிரிச்சேன். அறுபது பேரும் என் வாயையே பார்க்கறாங்க. மைக் முன்னாடி இருக்கு. வாசிச்சேன்.

“தங்கமான மனிதர் வைரவன். பத்து ஆண்டுகள் ஒரு நாளும் ஓய்வறியாத உழைப்பு. நமது கடையின் தூண். நேரில் வர இயலாமைக்கு வருந்துகிறேன். வாழ்த்துகிறேன். ராஜரத்தினம்.”

பெரிய முதலாளி அப்போ சரக்கு எடுக்கக் காஞ்சிபுரம் போயிருந்தார். முதல் கைதட்டு நான்தான் தட்டினேன். அப்புறம் கடையே அதிர்ந்துது சார். கரீமுல்லா மட்டும் தட்டலை. கையில பை இருந்துது, அவர் எப்படித் தட்டுவார்.

வைரவனுக்குக் கண்ணுல தண்ணி ரொம்பிடுச்சு. பத்து வருஷத்துல பெரிய முதலாளி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஏ பட்டு’ம்பார். எழுந்து வந்து, மைக் இருக்கிறதையும் மறந்துட்டு என்கிட்டக் கேட்டான், “அண்ணாச்சி, தங்கம்னா எழுதியிருக்காவ?” ஆமான்னேன். வெக்கப்பட்டுக்கிட்டே, “எங்க வீட்டுல உள்ளவ பேரும் அதுதான்”னான். கடை மொத்தமும் சிரிச்சுது. ஜவஹர் விசில் அடிச்சான். அந்த மாதிரி ஒரு காலைப்பொழுது எங்க கடையில அதுக்கு முன்னாடி வந்ததில்லை.

உங்ககிட்ட அந்தத் தந்தியோட நகல் இருக்கு. இருந்தாலும் நானே சொல்லிடறேன். ‘தங்கம் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ நாலே வார்த்தை. பார்த்த உடனே நிஜம்னு தெரிஞ்சுடுச்சு. அவ்வளவு சுருக்கம். அதுவும் வைரவன் வீட்டுலேர்ந்து பொய்த் தந்தி வராது, அது எனக்கு நல்லாத் தெரியும்.

நீங்க ஒண்ணு யோசிக்கணும். நான் அதை அப்படியே வாசிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? அவன் பொன்னாடையைக் கூடப் போட்டுக்காம எழும்பூருக்கு ஓடியிருப்பான். பத்து வருஷம் அப்பழுக்கில்லாம காப்பாத்தின பேர், அந்தப் பேரைச் சொல்லிக் கௌரவிக்கிற அதே நிமிஷத்துல உடைஞ்சு போயிருக்கும். தலைக்கு மேல ‘விடுப்பறியா வேந்தர்’னு அட்டை தொங்குது, கீழே அவன் லீவு கேக்கிறான். அந்த அவமானம் அவனுக்கு வேண்டாம்னு தோணுச்சு. எனக்காக நினைக்கலை. கண்ணு முதல் வார்த்தையில நின்னுது, தங்கம்னு. மத்தது தானா வாயில வந்துடுச்சு.

விழா முடிஞ்சதும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். சத்தியமா. ஆனா அவன் கேசரி சாப்பிடறதைப் பார்த்தீங்கன்னா உங்களுக்கும் மனசு வந்திருக்காது. ஒவ்வொருத்தனும் வந்து கையைக் குலுக்கறான். சரி, சாயங்காலம் சொல்லலாம்னு விட்டேன். சாயங்காலம் அந்த அடையாறு குடும்பம் கடைசிப் பொண்ணுக்கு நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்துட்டாங்க, அவனைப் பேர் சொல்லிக் கேட்டு. மறுநாள் ஞாயித்துக்கிழமை, சீசன் ஞாயிறு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ரங்கநாதன் தெருவுல கால் வைக்க இடம் இருக்காது. திங்கக்கிழமை சொல்லியிருக்கலாம். ஆனா திங்கக்கிழமை சொன்னா, சனிக்கிழமையே ஏன் சொல்லலைன்னு கேப்பான். அவன் மனசு ரொம்பக் கஷ்டப்படும். அந்த சந்தோஷமும் போயிடும்.

சீசன் வியாபாரத்துக்காகத்தான் நான் மறைச்சேன்னு அந்த மச்சினன் எழுதியிருக்கார். நான் ஜவுளிக்கடை மேனேஜர்தான், கசாப்புக்கடைக்காரன் இல்லை. ஆனா நீங்க கேட்டதால சொல்றேன், அந்த ஒன்பது நாள்ல பட்டு செக்‌ஷன் ஓடின மாதிரி எந்த வருஷமும் ஓடினதில்லை. பாராட்டின கை சும்மா இருக்காதுங்கறதுக்கு அதான் அத்தாட்சி.

அந்தத் தந்திக் காயிதத்தை அவன் அன்னிக்கே கேட்டான். “அண்ணாச்சி, அந்தக் காயிதத்தை எனக்குத் தருவியளா? ஊருக்குக் கொண்டுபோய் அவகிட்டக் காட்டணும்.” எல்லார் எதிர்லயும் கேட்டுட்டான், மாட்டேன்னு எப்படிச் சொல்றது? கண்ணாடி போட்டுத் தரேம்ப்பான்னேன். நானே உக்காந்து பண்ணினேன். மேலே பொன்னாடை போட்ட போட்டோ. கீழே தந்தி. விலாசத்துல அவன் பேரும், அதுக்கு அடுத்தாப்ல தங்கம்ங்கற வார்த்தையும் மட்டும் தெரியற மாதிரி விட்டு, மீதியைப் பின்னாடி மடிச்சுக் கோந்து வச்சு ஒட்டினேன். அவனுக்கு இங்கிலீஷ் வராது, அந்த ரூம்ல இருக்கிற யாருக்கும் பஸ் நம்பருக்கு மேல வராது. இருந்தாலும் ஒரு ஜாக்கிரதை. பார்க்க நல்லா இருந்துது சார், வைரவன், தங்கம்னு பக்கத்துல பக்கத்துல. அவன் தலைமாட்டுல மாட்டி வச்சுக்கிட்டான். யார்கிட்டயோ கேட்டு தங்கம்ங்கற அந்த ஏழு இங்கிலீஷ் எழுத்தையும் கத்துக்கிட்டான். காலையில எழுந்ததும் எழுத்துக் கூட்டுவானாம், பசங்க கேலி பண்ணாங்க.

பெரிய முதலாளிகிட்டயும் சொல்லிட்டேன், உங்க பேர்ல ஒரு தந்தி வாசிச்சேன்னு. “நல்ல காரியம் வேய். யாருக்கு?”ன்னார். வைரவனுக்குன்னேன். “அந்தக் குட்டையனா?”ன்னார். ஆமான்னு சொல்லிட்டேன்.

நாலாம் நாள் ரெண்டாவது தந்தி வந்துது. ‘தங்கம் ஆஸ்க்கிங் ஃபார் யூ.’ அதுவும் சுருக்கம்தான். வைரவன் அப்போ பத்தடி தள்ளி ஒரு முகூர்த்தக் கூட்டத்துக்கு நடுவுல உக்காந்திருந்தான். கரீமுல்லா நேரா அவன்கிட்டப் போகப் பார்த்தார். நான்தான் கூப்பிட்டு வாங்கினேன். “போன தந்தி அவரு கைக்குப் போச்சா சார்?”ன்னு கேட்டார். கண்ணாடியே போட்டுட்டேன்னேன். பொய் இல்லையே. ரெண்டாவதை டிராயர்ல வச்சேன். ஒரே வாரத்துல ரெண்டு வாழ்த்துத் தந்தின்னா யாரும் நம்பமாட்டாங்க.

மஞ்சள் காமாலையாம். நாட்டு வைத்தியம் பார்த்து முத்திப்போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. எட்டு நாள் இருந்திருக்கா. தினமும் மத்தியானம் மெட்ராஸ் வண்டி வர்ற நேரத்துக்கு, தலையை வாசப்பக்கம் திருப்பி வைங்கம்பாளாம். இதெல்லாம் மச்சினன் எழுதியிருக்கார், நீங்களும் படிச்சிருப்பீங்க. கையெழுத்து நல்லா இருக்கு, பள்ளிக்கூட வாத்தியாராம்.

மூணாவது தந்தி தீபாவளிக்கு முதல் நாள் காலையில வந்துது. அதைப் பத்திப் புகார் இல்லை, ஏன்னா அதை நான் குடுத்துட்டேன். ஒரு நாள் தாமதம், அவ்வளவுதான். முதல் நாள் கடையில நிக்க இடமில்லை. அன்னிக்கே குடுத்திருந்தா சாயங்கால வண்டியைப் பிடிச்சு மறுநாள் மத்தியானத்துக்குள்ள போயிருக்கலாம்ங்கறது வாஸ்தவம். அவங்க தீபாவளி அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எடுக்காம வச்சிருந்தாங்களாம்.

தீபாவளி அன்னிக்குக் காலையில நானே மாம்பலம் ரூமுக்குப் போனேன். ஆள் விட்டு அனுப்பலை, நானே போனேன், அதைக் குறிச்சுக்கணும். வைரவன் எண்ணெய் தேச்சுக்கிட்டு இருந்தான். குளிச்சு முடிக்கட்டும்னு வாசல்ல காத்திருந்தேன். நல்ல நாள், பண்டிகைக் குளியலை ஏன் கெடுக்கணும். புது வேட்டி கட்டி, பொட்டு வச்சுக்கிட்டு, “வாங்க அண்ணாச்சி, எங்க ரூமுக்கெல்லாம் வந்துருக்கிய”ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தான். அப்போ சொன்னேன். நேத்து வரைக்கும் நல்லா இருந்தாளேன்னான். அவனுக்கு அப்படித்தான் தெரியும்.

டிக்கெட் நானே எடுத்துக் குடுத்தேன். கடையைத் திறந்து, அந்த அரக்கு மாம்பழக் கரை மாதிரியே ஒண்ணு தேடி எடுத்து, அவளுக்குப் போர்த்துன்னு குடுத்தேன். எந்த ஜவுளிக்கடையில மேனேஜர் இப்படிச் செய்வான் சொல்லுங்க? அவன் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு, புடவை உபயோகப்படலை. பதினாறு முடிஞ்சு வந்தவன் நேரா கவுண்டருக்குப் போய், அந்தப் புடவையை மடிப்புக் கலையாம ஸ்டாக்லயே வச்சுட்டான். அவ்வளவு நாணயம். கடைப் பொருள் தனக்கு வேண்டாம்னு நினைக்கிறவன் எத்தனை பேர் இருப்பாங்க?

வந்ததுலேர்ந்து முன்னைவிட நல்லா வேலை பார்க்கறான். என்னைப் பார்த்தா மட்டும் புடவையை எண்ண ஆரம்பிச்சுடறான். துக்கத்தை வேலையில கரைக்கிறான்னு நினைக்கிறேன். ஊர்ல போய், சாவுத் தந்திக்கு முன்னாடி எனக்கு வந்தது முதலாளியோட வாழ்த்துத் தந்தி ஒண்ணுதான்னு சத்தியம் பண்ணியிருக்கான். அதை நம்பித்தான் மச்சினன் தந்தி ஆபீஸ் மேல புகார் எழுதியிருக்கார், கரீமுல்லா தலையில வந்து விடிஞ்சிருக்கு. போன ஞாயித்துக்கிழமை கரீமுல்லா மாம்பலம் ரூமுக்குப் போய் வைரவனைப் பார்த்துட்டு வந்தாராம். துக்கம் விசாரிக்கப் போயிருப்பார். ரொம்ப நேரம் ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்கன்னு பசங்க சொன்னாங்க. மெமோ வாங்கின நேரத்துலயும் அடுத்தவன் துக்கத்துக்குப் போறார் பாருங்க, அந்த மனுஷருக்கு நீங்க ஆபீஸ்ல ஒரு பொன்னாடை போடணும் சார். மைக் வேணும்னா நான் ஏற்பாடு பண்றேன்.

ஆக, சுருக்கமா எழுதிக்குங்க. மூணு தந்தியும் வாங்கினது நான். முதல் தந்தி சாவுத் தறுவாயின்னு தெரிஞ்சே மாத்தி வாசிச்சது நான். ரெண்டாவதை ஒளிச்சது நான். மூணாவதை ஒரு நாள் வச்சிருந்து குடுத்தது நான். கரீமுல்லா பேர்ல ஒரு குத்தமும் இல்லை. கையெழுத்து எங்க போடணுமோ காட்டுங்க.

முதல் தந்தியோட ஒரிஜினலா? தரேன். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும், உன் கண்ணாடிச் சட்டத்தை எடுத்துட்டு வாப்பா, ஆபீசர் பார்க்கணுமாம்னு காலையிலயே சொல்லிட்டேன். எதுக்குன்னு கூடக் கேக்கலை. ஒரு நிமிஷம், மணி அடிக்கிறேன்.

வா வைரவா. மேஜை மேல வை. ஏம்ப்பா கவுத்து வைக்கிறே? நீங்களே திருப்பிப் பாருங்க சார். தினமும் துண்டால துடைச்சுத் துடைச்சுக் கண்ணாடி எப்படி இருக்கு பாருங்க.

ஓ. மடிப்புப் பிரிஞ்சிருக்கு. முழுசும் தெரியுது. மழைக்காலம் சார், கோந்து ஈரம் தாங்கறதில்லை, எங்க புடவை லேபிளே இந்த மாசம் பூரா உதிர்ந்துக்கிட்டு இருக்கு. பின்னாடி ஆணி புதுசா இருக்கு. துடைக்கக் கழட்டிட்டு மாட்டியிருப்பான்.

நீ போகலாம் வைரவா, கவுண்டர்ல ஆள் காத்திருப்பாங்க.

போக மாட்டேங்கறான் பாருங்க. உங்களையே பார்த்துக்கிட்டு நிக்கிறான். ஆங், புரிஞ்சுது. நீங்க இங்கிலீஷ் படிச்சவர், உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு ஆசைப்படறான். பத்து வருஷம் உழைச்சவன், கேட்டா என்ன தப்பு.

வாசிங்க சார். முதல் கைதட்டு என்னோடது.